பின்னணி நீக்கிய படத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிடுவது எப்படி? ரைட்டருக்கும் வேர்டுக்கும் முழுமையான வழிகாட்டி

ஆண்டு மலரில் பனைமரம் பற்றி ஒரு கட்டுரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் படத்திலிருந்து வானம், வயல், மின்கம்பம் எல்லாவற்றையும் நீக்கியாகிவிட்டது. மரம் மட்டும் தனியாக நிற்கிறது. அதைப் பக்கத்தில் வைத்தால் மட்டையின் ஓரத்தையும் தண்டின் ஓரத்தையும் ஒட்டி எழுத்து இறங்கி வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறோம். வைத்துப் பார்த்தால் அப்படி நடப்பதில்லை. மரத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகம் நிற்கிறது. எழுத்து அந்தச் செவ்வகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. தண்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடக்கிறது.

இதற்குக் காரணம் படத்தில் இல்லை. படத்தின் பின்னணி வெறுமையாக இருப்பது ஒரு விஷயம், எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பது வேறொரு விஷயம். சொற்செயலி, அதாவது ரைட்டர், வேர்டு போன்ற ஆவணம் எழுதும் நிரல், எழுத்தை நிறுத்துவது படத்தைப் பார்த்து அல்ல, படத்தோடு சேர்த்து வைத்திருக்கும் ஒரு சுற்றுக்கோட்டைப் பார்த்து. லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள ரைட்டரில் அதன் பெயர் கான்டூர். மைக்ரோசாப்ட் வேர்டில் ராப் பாயின்ட்ஸ். இந்தக் கோட்டை நிரலே ஊகித்து வரையலாம், நீங்களும் வரையலாம். நிரல் வரைந்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் கோட்டை நீங்களே கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டி முழுக்க நான் வற்புறுத்தப்போவது. அழகாக அமைந்த பக்கங்களில் அந்தக் கோடு படத்தின் அச்சு அசலாக இருப்பதில்லை. படிப்பவரின் கண்ணுக்கு ஏற்றபடி நிதானமாக வளைந்த கோடாக இருக்கும்.

பனைமரத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு போவோம். மேலே அகன்ற கொண்டை, கீழே நீண்ட ஒல்லியான தண்டு. இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஒரே உருவத்தில் வந்துவிடும்.

முதலில் படக்கோப்பு

படம் பி.என்.ஜி வடிவத்தில் இருக்க வேண்டும். ஜேபெக் கோப்பில் வெறுமையான பின்னணி என்பதே கிடையாது. நீக்கிய இடம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரப்பப்பட்டுவிடும். கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை மாற்றினால் வடிவம் மாறிவிடாது. இன்னொரு ஏமாற்றமும் உண்டு. இணையத்தில் தேடி எடுக்கும் சில படங்களில் பின்னணி சாம்பல், வெள்ளைக் கட்டங்களாகத் தெரியும். பின்னணி நீக்கியதற்கான அடையாளம் என்று நினைத்து இறக்குவோம். ஆனால் அந்தக் கட்டங்களே படத்தின் பகுதியாக அச்சாகியிருக்கும். ஆவணத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

பி.என்.ஜி படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தோடு சேர்த்து அது எவ்வளவு திடமானது என்ற எண்ணும் இருக்கும். வழக்கமான படங்களில் அது 0 முதல் 255 வரை. 0 என்றால் முழு வெறுமை, 255 என்றால் முழுத் திடம். இடையில் இருப்பவைதான் தொந்தரவு. மரத்தின் நிழல், மட்டைகளுக்கு நடுவே மிஞ்சிய வானத்தின் நீலம், நீக்கும்போது தப்பிய தூசு போன்ற புள்ளிகள் எல்லாம் 3, 5, 10 என்ற அளவில் மிச்சமிருக்கும். வெள்ளைத் தாளில் அவை கண்ணுக்குத் தெரியாது, நிரலுக்குத் தெரியலாம். மரத்திலிருந்து தள்ளிக் கிடக்கும் ஒரு புள்ளி போதும், தானாக வரையப்படும் சுற்றுக்கோடு அதையும் உள்ளே சேர்த்துக்கொள்ள.

ஆகவே இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் என்ற படத்திருத்த நிரலில் படத்தைத் திறந்து, அடியில் கருஞ்சிவப்பு போன்ற அடர்ந்த நிறத்தில் ஒரு லேயரை, அதாவது அடுக்கை, வைத்துப் பாருங்கள். மிச்சங்கள் எல்லாம் வெளிப்படும். அழிப்பானால் துடைத்துவிடலாம். நிறைய இருந்தால் லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்சி என்பதற்குள் உள்ள த்ரெஷோல்ட் ஆல்ஃபா உதவும். அது ஒவ்வொரு புள்ளியையும் முழு வெறுமையாகவோ முழுத் திடமாகவோ ஆக்கிவிடும். ஓரம் கொஞ்சம் பல்பல்லாகத் தெரியும் என்பதால், முடி, இறகு, பூவின் மகரந்தத் தாள் போன்ற மெல்லிய ஓரமுள்ள படங்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம், அழிப்பானே நல்லது.

மரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு மெல்லிய விளிம்பு ஒட்டிக்கொண்டிருந்தால், பின்னணியைத் தேர்ந்தெடுத்த பிறகு அந்தத் தேர்வை ஒரு பிக்சல் பெரிதாக்கிவிட்டு நீக்குங்கள். வெள்ளைத் தாளில் இது தெரியாது. மலரின் பக்கத்துக்கு வெளிர் மஞ்சள் நிறம் கொடுத்தால் பளிச்சென்று தெரியும்.

கடைசியாக, படத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டுங்கள். கிம்பில் இமேஜ் மெனுவில் உள்ள கிராப் டு கன்டென்ட் அதை ஒரே சொடுக்கில் செய்துவிடும். அச்சுக்குப் போகும் பக்கம் என்றால் அளவையும் இப்போதே பாருங்கள். 6 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரத்தில் மரம் அச்சாக வேண்டும், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்றால், படம் ஏறத்தாழ 709 பிக்சல் அகலமும் 1,890 பிக்சல் உயரமும் இருக்க வேண்டும்.

வலப்பக்கமா, இடப்பக்கமா, நடுவிலா?

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுவது நல்லது. இங்கே எடுக்கும் முடிவுதான் பக்கம் படிக்கக்கூடியதா என்பதைத் தீர்மானிக்கிறது.

தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஒரு வரி முடிந்ததும் கண் இடப்பக்கம் திரும்பி அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடுகிறது. எல்லா வரியும் ஒரே நேர்க்கோட்டில் தொடங்கினால் கண்ணுக்கு வேலையே இல்லை. வளைந்த உருவத்தை இடப்பக்கம் வைத்தால் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு இடத்தில் தொடங்கும். நாலைந்து வரி என்றால் தாங்கும். பனைமரம் போல 16 செ.மீ. உயரமுள்ள படம் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட வரிகளை வளைக்கும். அத்தனை வரிக்கும் கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். படத்தை வலப்பக்கம் வையுங்கள். இடது ஓரம் நேராக நிற்கும், வலது ஓரம் மரத்தோடு வளையும். பக்கத்தின் அழகும் கெடாது, படிப்பும் கெடாது.

மரத்தை நடுவில் வைத்து இரு பக்கமும் எழுத்தை ஓடவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். தூரத்திலிருந்து பார்க்கப் பிரமாதமாக இருக்கும். படிக்க உட்கார்ந்தால், ஒரு வரியின் முதல் பாதியைப் படித்துவிட்டுத் தண்டைத் தாண்டிக் குதித்து மறு பாதியைப் பிடிக்க வேண்டும். பலர் இடப்பக்கத்தைத் தனிப் பத்தியாக நினைத்து மேலிருந்து கீழே படித்துவிட்டு, பொருள் புரியாமல் நிற்பார்கள். அதனால் நடுவில் வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். கவிதைப் பக்கத்திலும் அட்டையிலும் மட்டும் அதற்கு இடம் உண்டு.

வலப்பக்கம் வைப்பதிலும் பனைமரத்துக்கு என்று ஒரு சிக்கல் உண்டு. கொண்டை 6 செ.மீ., தண்டு 1 செ.மீ. என்றால் தண்டுக்கு வலப்பக்கம் 2.5 செ.மீ. இடம் வீணாகக் கிடக்கும். படத்தை 1.5 செ.மீ. அளவுக்குப் பக்க ஓரத்துக்குள் தள்ளிவிட்டால் கொண்டையின் ஒரு பகுதி ஓரத்து வெள்ளையில் விரியும், தண்டு எழுத்தின் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பக்கம் உடனே உயிர்பெற்றது போலத் தெரியும். உங்கள் அச்சுப்பொறி தாளின் ஓரம் எதுவரை அச்சிடும் என்பதை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிப்ரே ஆபிஸ் ரைட்டரில்

1. பத்தியின் தொடக்கத்தில் கர்சரை வைத்து இன்சர்ட் மெனுவில் இமேஜ் வழியாகப் படத்தைச் சேருங்கள்.

2. படத்தின் மேல் வலது சொடுக்கு. படத்தை எதோடு கட்டுவது என்று கேட்கும் ஆங்கர் என்பதில் டு பாராகிராஃப் அல்லது டு கேரக்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆஸ் கேரக்டர் என்று இருந்தால் படம் ஒரு எழுத்தைப் போல வரிக்குள் உட்கார்ந்துவிடும். அதைச் சுற்றி எழுத்தை ஓடவிட வழியே இல்லை. எதை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

3. மீண்டும் வலது சொடுக்கு, ராப். படம் வலப்பக்கம் இருப்பதால் பிஃபோர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து படத்துக்கு இடப்பக்கம் மட்டும் வரும். ஆஃப்டர் என்பது அதற்கு எதிர்ப்பக்கம், பேரலல் என்பது இரு பக்கமும். ஆப்டிமல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிரலே முடிவு செய்யும். படத்துக்கும் ஓரத்துக்கும் இடையே 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் அங்கே எழுத்தை விடாது. த்ரூ வேண்டாம், அதில் சுற்றுக்கோடு வேலை செய்யாது.

4. அதே ராப் மெனுவில் கான்டூர் என்பதை இயக்குங்கள். செவ்வகம் உடைந்து எழுத்து மரத்தை நோக்கி நகர்வதை இப்போது பார்ப்பீர்கள். படத்தின் பின்னணி உண்மையாகவே நீக்கப்பட்டிருந்தால் இந்த முதல் கோடே ஓரளவு சரியாக வரும்.

5. ராப் மெனுவின் அடியில் உள்ள எடிட் வழியாக முழு அமைப்புப் பெட்டியைத் திறங்கள். ஸ்பேசிங் பகுதியில் இடப்பக்கம் 0.4 செ.மீ. கொடுங்கள், அடியில் எழுத்து வருவதாக இருந்தால் கீழேயும் 0.3 கொடுக்கலாம். அதே பெட்டியில் அவுட்சைடு ஒன்லி என்று ஒரு தேர்வு இருக்கும். பனைமரத்துக்கு அது அவசியம். மட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் எழுத்து நுழையாமல் அது தடுக்கும்.

பெரும்பாலான குறிப்புகள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. உண்மையான வேலை இதற்குப் பிறகுதான்.

சுற்றுக்கோட்டை நீங்களே வரைவது

தானாக வந்த கோட்டோடு பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள். கொண்டை இருக்கும் பகுதியில் வரிகளின் முடிவு ஒழுங்கில்லாமல் துள்ளும். ஒரு வரி நீளம், அடுத்தது 1 செ.மீ. குறைவு, அதற்கடுத்தது மறுபடி நீளம். ஏன் அப்படி?

எழுத்து வரி வரியாகத்தான் ஓடுகிறது. 11 பாயின்ட் அளவில் தமிழ் எழுத்து, ஒன்றரை மடங்கு வரியிடைவெளி என்றால் ஒரு வரியின் உயரம் ஏறத்தாழ 6 மி.மீ. அந்த 6 மி.மீ. பட்டைக்குள் சுற்றுக்கோடு எங்கே அதிகமாக வெளியே நீட்டுகிறதோ அங்கேயே முழு வரியும் நிறுத்தப்படும். ஒரு மட்டையின் கூர்மையான நுனி 1 மி.மீ. தடிமன்தான் என்றாலும், ஒரு முழு வரியைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதற்கு அடுத்த வரிக்கு நேராக மட்டைகளுக்கு இடையிலான பள்ளம் வந்தால் அந்த வரி முன்னே பாயும். 6 மி.மீ.க்குச் சிறிய எந்த நுணுக்கத்தையும் எழுத்தால் காட்ட முடியாது. காட்ட முயன்றால் கிடைப்பது துள்ளல்தான்.

ஆகவே ஒவ்வொரு மட்டையையும் பின்தொடராதீர்கள். கொண்டைக்கு மேல் ஒரு குடையை விரித்துப் பிடித்தது போல வளைவாக ஒரே கோடு, அது சரிந்து தண்டில் இறங்கி நேராகக் கீழே போகட்டும், வேர்ப்பகுதியில் சற்று அகலட்டும். இடப்பக்கம் முழுவதற்கும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் போதும்.

வரையும் முறை இது. படத்தின் மேல் வலது சொடுக்கு, ராப், எடிட் கான்டூர். ஒரு சிறிய சாளரம் திறக்கும், அதில் படமும் அதன்மேல் இப்போதுள்ள கோடும் தெரியும். சாளரத்தை மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், சின்னச் சாளரத்தில் புள்ளிகளைப் பிடிப்பது கண்ணுக்கு வலி. மேலே உள்ள கருவிகளில் பாலிகன் என்பதை எடுத்து, மரத்தின் உச்சியில் தொடங்கிச் சொடுக்கிச் சொடுக்கி ஒரு சுற்று வந்து, தொடங்கிய இடத்தில் இரட்டைச் சொடுக்கால் மூடுங்கள். புதிதாக வரைய வேண்டாம் என்றால் எடிட் பாயின்ட்ஸ் கருவியால் பழைய கோட்டின் புள்ளிகளை இழுக்கலாம், வேண்டாதவற்றை நீக்கலாம். தானாக வந்த கோட்டில் புள்ளிகள் நெருக்கமாகக் கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் துடைப்பதைவிட புதிதாக வரைவதே விரைவு.

பிறகு மறக்காமல் அப்ளை பொத்தான். சாளரத்தை மூடினால் மட்டும் போதாது, அப்ளை அழுத்தினால்தான் கோடு படத்துக்குப் போய்ச் சேரும். அழுத்திய உடனே பின்னால் பக்கத்தில் எழுத்து நகர்வது தெரியும். சாளரத்தை மூடாமலே திருத்தித் திருத்தி அழுத்திப் பார்க்கலாம். இந்த வேலையின் சுகமான பகுதி இதுதான், நிதானமாகச் செய்யுங்கள்.

படம் ஜேபெக்காகவே இருக்கிறது, பின்னணி ஒரே சீரான வெள்ளை என்றால், இதே சாளரத்தில் உள்ள பிப்பெட் கருவியால் அந்த வெள்ளையைச் சொடுக்கலாம். பக்கத்தில் உள்ள டாலரன்ஸ் சதவீதத்தைக் கூட்டினால் வெள்ளையை ஒட்டிய நிறங்களும் சேரும். அவசரத்துக்கு உதவும். ஆனால் மரத்தின் தண்டில் வெயில் பட்ட வெளிர் பகுதிகளையும் அது தின்றுவிடக்கூடும்.

மைக்ரோசாப்ட் வேர்டில்

வேர்டில் செருகும் படம் வழக்கமாக இன் லைன் வித் டெக்ஸ்ட் என்ற நிலையில் வரும். படத்தைச் சொடுக்கி, பிக்சர் ஃபார்மேட் தாவலில் ராப் டெக்ஸ்ட், அதில் டைட். பின்னணி நீக்கிய பி.என்.ஜி என்றால் எழுத்து உடனே மரத்தை நெருங்கும். த்ரூ என்ற தேர்வு படத்துக்கு உள்ளே இருக்கும் திறந்த இடங்களிலும் எழுத்தை விடுவதற்கு. மரத்துக்கு அது வேண்டாம்.

பின்னணி இன்னும் நீக்கப்படவில்லை என்றால் வேர்டிலேயே நீக்கலாம், 2010 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. பிக்சர் ஃபார்மேட்டில் ரிமூவ் பேக்ரவுண்ட். நீக்கப்போகும் பகுதி ஊதா கலந்த சிவப்பாகத் தெரியும். வைத்திருக்க வேண்டியதை ஒரு பென்சிலாலும் நீக்க வேண்டியதை இன்னொன்றாலும் குறித்துவிட்டு கீப் சேஞ்சஸ். பனைமட்டை போல இடைவெளி நிறைந்த உருவத்தில் இது தடுமாறும். மண்பானை, வீணை, ஒரு மனிதரின் தோற்றம் போன்ற முழுமையான உருவங்களில் நன்றாகவே செய்கிறது.

சுற்றுக்கோட்டைத் திருத்த, ராப் டெக்ஸ்ட் மெனுவில் எடிட் ராப் பாயின்ட்ஸ். சிவப்புக் கோடும் கறுப்புப் புள்ளிகளும் தோன்றும். புள்ளியை இழுத்தால் கோடு நகரும். கோட்டின் நடுவே பிடித்து இழுத்தால் புதுப் புள்ளி பிறக்கும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு புள்ளியைச் சொடுக்கினால் அது மறையும். கொண்டையின் பற்களையெல்லாம் இப்படி நீக்கிவிட்டு, மேலே சொன்ன குடை வளைவுக்குக் கொண்டுவாருங்கள்.

வேர்டில் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் உள்ளன. டைட் நிலையில் இடம், வலம் இரண்டுக்கு மட்டும்தான் இடைவெளி கொடுக்க முடியும். மோர் லேஅவுட் ஆப்ஷன்ஸ் பெட்டியில் மேல், கீழ் கட்டங்கள் மங்கலாகக் கிடக்கும். மேலும் கீழும் இடம் வேண்டுமென்றால் ராப் பாயின்ட்ஸ் புள்ளிகளையே மரத்தின் உச்சிக்கு மேலும் வேருக்குக் கீழும் தள்ளி வையுங்கள். கோடு படத்தின் எல்லைக்கு வெளியே போகலாம், தடையில்லை.

இரண்டாவது, படத்துக்கும் பக்க ஓரத்துக்கும் இடையே ஓர் அங்குலத்துக்கு, அதாவது 2.54 செ.மீ.க்குக் குறைவான இடம் இருந்தால் வேர்டு அங்கே எழுத்தை ஓடவிடாது. ஓரத்துக்குள் தள்ளாமல் வைத்தால் நம் மரத்தின் தண்டுக்கு வலப்பக்கம் 2.5 செ.மீ.தான் இருக்கும், அதனால் அங்கே எழுத்து வராது. கொண்டையைச் சற்றுப் பெரிதாக்கினால் திடீரென்று ஓரிரு சொற்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சந்தேகமே வேண்டாம் என்றால் அதே பெட்டியில் ராப் டெக்ஸ்ட் என்ற பகுதியில் லெஃப்ட் ஒன்லி என்று வைத்துவிடுங்கள்.

வேர்டு இந்தக் கோட்டை எப்படிச் சேமிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது பயன்படும். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் தலா 21,600 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் எத்தனையாவது பங்கில் இருக்கிறது என்று கோப்பில் எழுதி வைக்கிறது. எனவே படத்தைச் சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் கோடும் கூடவே அளவு மாறும், திரும்ப வரைய வேண்டாம். ஆனால் மட்டைக்கும் எழுத்துக்கும் நடுவே கோட்டில் நீங்கள் விட்ட இடைவெளியும் சேர்ந்தே சுருங்கும். அளவை முதலில் முடிவு செய்துவிட்டுக் கோட்டைத் திருத்துவது அதனால்தான் நல்லது. படத்தையே வேறொன்றாக மாற்றினால், பழைய மரத்தின் கோடு புது மரத்தின் மேல் நிற்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை

இந்த வேலைக்கான பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே சொல்லித்தருகின்றன. ஆங்கிலத்தில் சொற்கள் குட்டை. குறுகிய இடத்திலும் நாலைந்து சொற்கள் விழுந்து ஓரம் தானாகவே வளைந்துவிடும். நமக்கு அப்படி இல்லை. ‘வளர்ந்துகொண்டிருக்கின்றன’, ‘பயன்படுத்தப்பட்டுவந்தது’ போன்ற ஒரே சொல் வரியில் கால் பங்கை எடுத்துக்கொள்ளும்.

எழுத்தை இடப்பக்கம் மட்டும் சீராக விட்டால், நீளமான சொல் இடம் போதாமல் அடுத்த வரிக்குப் போய்விடும், வலப்பக்கம் 2 செ.மீ. வரை வெறுமையாக நிற்கும். அவ்வளவு கரடுமுரடான ஓரத்தில் மரத்தின் வளைவு தெரியவே தெரியாது. இவ்வளவு பாடுபட்டு வரைந்த கோடு வீண். இருபக்கமும் சீராக்கினால் வளைவு அழகாகத் தெரியும். ஆனால் மூன்று சொற்களே உள்ள வரியில் அவற்றுக்கு இடையே பெரிய ஓட்டைகள் விழும்.

நான் கடைப்பிடிக்கும் வழி இது. கொண்டையின் அகன்ற பகுதியிலும் எழுத்துக்குக் குறைந்தது 8 செ.மீ. மிஞ்சும்படி படத்தின் அளவை வைத்துக்கொள்வேன். ஏ4 தாளில் இரு பக்கமும் 2 செ.மீ. ஓரம் விட்டால் எழுத்தின் அகலம் 17 செ.மீ.; அதில் 6 செ.மீ. மரம் தாராளமாக அடங்கும், 9 செ.மீ. மரம் வைத்தால் நெருக்கடிதான். அந்தப் பகுதிக்கு மட்டும் இருபக்கச் சீரமைப்பு. பிறகு ஓட்டை விழுந்த வரிகளில் நீளமான சொல்லை உடைக்க வழி செய்வேன்.

உடைப்பதற்கு வெறும் இடைவெளியைத் தட்டக் கூடாது. எழுத்து நகர்ந்தால் சொல்லின் நடுவே அந்த இடைவெளி அப்படியே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத ஒரு குறி உண்டு. அது சொல்லின் நடுவில் இருந்தால், தேவைப்படும்போது மட்டும் அந்த இடத்தில் வரி உடையும், இல்லையென்றால் இருப்பதே தெரியாது. ரைட்டரில் கன்ட்ரோல் விசையோடு சாய்கோட்டு (/) விசை. இதற்கு மொழி அமைப்புகளில், தமிழ் போன்ற எழுத்துகளுக்கான காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் இயக்கத்தில் இருக்க வேண்டும். வேர்டில் இன்சர்ட், சிம்பல், ஸ்பெஷல் கேரக்டர்ஸ் வழியே போனால் நோ-விட்த் ஆப்ஷனல் பிரேக் என்ற பெயரில் கிடைக்கும்.

எங்கே உடைப்பது? பொருள் பிரியும் இடத்தில். ‘வளர்ந்து’ ஒரு வரி, ‘கொண்டிருக்கின்றன’ அடுத்த வரி. ‘பயன்படுத்தப்பட்டு’ ஒரு வரி, ‘வந்தது’ அடுத்த வரி. எக்காரணத்தைக் கொண்டும் புதிய வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. ஒரு வரியின் தலையில் தனியாக ஒரு ‘ன்’ அல்லது ‘ட்’ நிற்பதைப் பார்த்தால் பக்கமே கைவிடப்பட்டது போலத் தெரிகிறது. இந்தக் குறிகளை எழுத்துத் திருத்தம் முழுவதும் முடிந்த பிறகே போடுங்கள். அவை உள்ளே இருந்தால் அந்தச் சொல்லைத் தேடும்போது கிடைக்காமல் போகலாம். அதே கட்டுரையை இணையத்திலும் இடப்போகிறீர்கள் என்றால், குறிகள் இல்லாத ஒரு படியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் சரிவரவில்லை என்றால்

சில படங்கள் பிடிகொடுக்காது. செங்காந்தள் மலரை எடுத்துக்கொள்ளுங்கள், மேல்நோக்கி வளைந்த நெளிநெளியான இதழ்கள், நாலாபக்கமும் நீளும் மெல்லிய மகரந்தத் தாள்கள். சில நேரம் கோப்பு ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கோடு கலைந்துவிடும். அப்போது கோட்டையும் படத்தையும் பிரித்துவிடலாம்.

வேர்டில் படத்தை இன் ஃப்ரன்ட் ஆஃப் டெக்ஸ்ட் நிலையில் வையுங்கள், அது எழுத்தைத் தள்ளாது. பிறகு இன்சர்ட், ஷேப்ஸ், ஃப்ரீஃபார்ம் எடுத்து மலரைச் சுற்றி நீங்கள் விரும்பும் வளைவில் ஒரு மூடிய உருவம் வரையுங்கள். அதற்கு நிறமும் வேண்டாம், கோடும் வேண்டாம், டைட் மட்டும் கொடுங்கள். எழுத்தைத் தள்ளும் வேலையை அந்தக் கண்ணுக்குத் தெரியாத உருவம் பார்த்துக்கொள்ளும். ரைட்டரிலும் இதே வழி நடக்கும்: படத்துக்கு த்ரூ, வரைந்த பலகோணத்துக்கு கான்டூர். இரண்டையும் ஒரே பத்தியோடு கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் மேலே நாலு வரி சேர்த்ததும் மலர் ஓரிடத்திலும் வெற்றிடம் வேறிடத்திலும் நிற்கும்.

ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு நிரலைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. அங்கே படச்சட்டம் எழுத்துச்சட்டத்துக்கு மேல் அடுக்கில் இருக்க வேண்டும். பிறகு ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியில் ஷேப் பகுதியில், சட்டத்தைச் சுற்றி எழுத்து ஓட கான்டூர் லைன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். குடை வளைவுக்கான விதி அங்கும் அதேதான்.

அச்சுக்கு அனுப்பும் முன்

வேர்டு கோப்பாகவோ ரைட்டர் கோப்பாகவோ அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். உங்கள் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துரு அங்கே இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். ஒவ்வொரு சொல்லின் அகலமும் மாறும், எல்லா வரியும் புதிதாக உடையும், நீங்கள் போட்ட குறிகளுக்கு அர்த்தமே இருக்காது. எழுத்துரு உள்ளே பதிந்த பி.டி.எஃப் மட்டும் அனுப்புங்கள்.

பி.டி.எஃப் ஆக்கும்போது ஆவணக் காப்பகத்துக்கான ஏ-1 வகையை (PDF/A-1) தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த வகையில் ஒளிபுகும் தன்மைக்கே இடமில்லை என்பதால் மரத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டியோ கறுத்த ஓரமோ வந்துவிடலாம். காப்பக வகைதான் வேண்டும் என்று கேட்டால் 2011இல் வந்த ஏ-2 வகையில் அந்தத் தடை இல்லை. படத்துக்கு மாற்று உரையும் எழுதிவிடுங்கள். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வழியே மலரைப் படிப்பவருக்கு அங்கே ஒரு பனைமரம் நிற்பது அப்போதுதான் தெரியும்.

பிறகு ஒரு பக்கத்தை மட்டும் தாளில் அச்சிடுங்கள். கையை நீட்டிப் பிடித்து, சொற்களைப் படிக்காமல் எழுத்தின் ஓரத்தை மட்டும் பாருங்கள். எங்காவது ஒரு வரி துள்ளி நின்றால் அதற்கு நேரான புள்ளியைத் திருத்துங்கள். அதன் பின் முழுப் பக்கத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் ஓர் ஓட்டையோ தவறாக உடைந்த சொல்லோ இருக்கும், அதைக் குறித்துவைத்துச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள்.